வளையச் சட்டையும் வலது கையும்

ஒசாகா
18 நவம்பர் 1991

அன்புள்ள கோசாகு,

இங்கே மரத்தில் இன்னும் இலை இருக்கிறது. ஒபிஹிரோவில் நீ வாசல் பனியை வாரிக் கொட்டத் தொடங்கியிருப்பாய். முதுகு பத்திரம். நான் சௌக்கியம். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், ஆபீசில் நன்றாகச் சண்டை போடுகிறேன்.

சண்டையைச் சொல்கிறேன். எங்கள் அடுத்த வீடியோ கேமில் கதாநாயகன் ஒரு மேலைநாட்டு வீரன். திரையில் அவனைச் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளாகத்தான் வரைய முடியும். எதிர் மேசைக் குகா சான் அவனுக்கு முழுத் தகட்டுக் கவசம் மாட்டி வரைந்து வந்தார். பளபளப்பாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "இவன் சதுப்புல நடக்கணும், சுவர் ஏறணும். தகரப் பீப்பாய்க்குள்ள நின்னுகிட்டு எப்படி ஏறுவான்? வளையக் கவசம் போடணும்" என்றேன். சின்னச் சின்ன இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சட்டை மாதிரி செய்வார்களே, அது.

குகா சான் சிரித்தார். "அதைப் புள்ளியில வரைய முடியாதும்மா. எத்தனையோ பேர் வரைஞ்சு பார்த்தாச்சு. மீன் வலை மாதிரி வரும், இல்லாட்டி கம்பளிச் சட்டை மாதிரி வரும்."

முதலாளி நிஷிவாகி சான் என்னைப் பார்த்தார். "முடியுமா?"

"முடியும்."

பிப்ரவரிக் கடைசியில் டோக்கியோவிலிருந்து வெளியீட்டாளர்கள் பார்க்க வருகிறார்கள். அதுவரை எனக்கு நேரம். முடியும் என்று சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சட்டையை நான் கண்ணால் கண்டதில்லை. அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. கறித் தொழிற்சாலையில் இரும்பு வளையத்தில் செய்த கையுறை போடுவதாக ஒருமுறை எழுதியிருந்தாயே, அது பார்க்க எப்படி இருக்கும்? விவரமாக எழுது.

காது மூடிய தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

அக்கா,
தமாகி


ஒபிஹிரோ
3 டிசம்பர் 1991

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உடம்பு நலம் என்று படித்ததில் சந்தோஷம். சண்டை நலம் என்று படித்ததில் ஆச்சரியமில்லை. இங்கே இன்று காலை மைனஸ் பதினாறு. மூக்குக்குள் முடி விறைக்கிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

மாட்டுத் தொடையைப் பிரிக்கும்போது ஒரு கை கறியைப் பிடிக்கும், ஒரு கை கத்தியைப் பிடிக்கும். கறியைப் பிடிக்கிற கைக்குத்தான் அந்த உறை. எல்லோருக்கும் இடது கையில், இடது கையால் வெட்டுகிற எனக்கு வலது கையில். பள்ளிக்கூட வாத்தியார் அடித்து அடித்துப் பென்சிலைத்தான் வலது கைக்கு மாற்றினார். கத்தி அவர் கண்ணில் படவில்லை.

நீ நினைப்பது போல வளையம் வளையமாகத் தெரியாது. முகத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். மேலே ரப்பர் உறை மாட்டுவதற்கு முன்னால், வரிசையில் நாலு ஆள் தள்ளி நிற்பவன் கையைப் பார்த்தால் ஒரு வளையம்கூடக் கண்ணுக்கு வராது. சாம்பல் நிறத் துணி, அதுவும் நனைந்த துணி. கழற்றி மேசையில் போட்டால் துள்ளாது, கொத்தாக உட்கார்ந்துவிடும். முஷ்டியை மடக்கினால் கணு மேலே மட்டும் மின்னும். விரலிடுக்கில் ஒரே இருட்டு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சண்டை என்றால் எனக்கும் ஒன்று உண்டு. எங்கள் மேஸ்திரி ஒகாதா போன வாரம் எல்லோர் முன்னாலும், "உன் வேகம் எனக்கு வேண்டாம், ஒழுங்கு வேணும்" என்றார். "ரெண்டும் இருக்கு, எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றேன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. வேகத்தில் எங்கள் வரிசையில் இன்னும் நான்தான் முதல்.

சளி பிடிக்காமல் இரு.

கோசாகு


ஒசாகா
20 டிசம்பர் 1991

கோசாகுவுக்கு,

மைனஸ் பதினாறு என்று சாதாரணமாக எழுதுகிறாய், படித்த நான் இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அடுப்பு வேலை செய்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் மட்டும் எரிகிறது.

உன் பேச்சைக் கேட்காமல் வளையம் வளையமாகவே வரைந்தேன். ஒரு வளையத்துக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளி வேண்டும். வீரனின் மார்பே பத்துப் புள்ளி அகலம். குறுக்கே மூன்றே வளையம் வந்தது. கழுத்தில் டோனட் மாட்டிக்கொண்டு போருக்குக் கிளம்பினவன் மாதிரி நின்றான். நிஷிவாகி சான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

அப்புறம் ஒரு புள்ளி வெளிச்சம், ஒரு புள்ளி இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்தேன். காகிதத்தில் பிரமாதம். டிவியில் போட்டு நடக்க விட்டால் மேலெல்லாம் கொசு மொய்க்கிற மாதிரி மினுக்குகிறது. குகா சான் கையால் கொசு விரட்டிக் காட்டினார். அவரையும் ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன்.

கேட்டு வரைகிற காரியம் இல்லை இது. கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கையுறை அனுப்பு.

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

தமாகி


ஒபிஹிரோ
6 ஜனவரி 1992

அக்காவுக்குப் புத்தாண்டு வணக்கம்.

அடுப்பு வேலை செய்கிறது. பசை மாதிரி ஒட்டுகிற புத்தாண்டு அரிசிப் பலகாரம் பதினொன்று தின்றேன், தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை. உன் கண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கையுறை கஷ்டம். ஆளுக்கு ஒன்றுதான். உபரி எல்லாம் ஒகாதாவின் அறையில் பூட்டியிருக்கும். அவரிடம் கேட்டு, அவர் நீட்டுகிற நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நீயே ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டுப் போயேன். நீ இந்த ஊரை மிதித்ததே இல்லை.

கோசாகு


ஒசாகா
13 ஜனவரி 1992

கோசாகு,

சுகம்தானே? நானும் சுகம். மற்ற விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில்.

கஞ்சத்தனம் பண்ணாதே. ஒரே ஒரு கையுறை, சில வாரம். நான் வர முடியாது, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒகாதாவிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயமா? "எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்று சொன்ன வீரன் எங்கே போனான்? அவனை வேண்டுமானால் இந்த கேமில் போடுகிறேன், முதல் காட்சியிலேயே செத்துப்போகிற ஆளாக.

உன்னை நம்பித்தான் அன்றைக்கு முடியும் என்றேன். அனுப்பு.

தமாகி


ஒபிஹிரோ
22 ஜனவரி 1992

அக்காவுக்கு,

நலம். பொட்டலத்தில் கையுறை இருக்கிறது. கொதிநீரில் போட்டு எடுத்தேன், நாற்றம் வராது. மார்ச்சில் திருப்பி அனுப்பினால் போதும். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. எனக்கு ஒகாதாவிடமும் பயமில்லை, யாரிடமும் பயமில்லை.

முதல் காட்சியில் சாகிறவன் வேலை எனக்கு வேண்டாம்.

கோசாகு


ஒசாகா
8 பிப்ரவரி 1992

என் அருமைத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கே பனி கூரையைத் தொட்டிருக்குமா? இங்கே பிளம் பூத்துவிட்டது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு யார் வந்து சண்டை போட்டாலும் மன்னித்து அனுப்பிவிடுவேன்.

வந்துவிட்டது கோசாகு. செய்துவிட்டேன்.

உன் கையுறையை மேசை விளக்குக்குக் கீழே தொங்கவிட்டேன். கையில் மாட்டினேன். எனக்குத் தொளதொளவென்று இருந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். நீ எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை. முதலில் வளையத்தை மறந்தேன். கனத்த ஈரச் சட்டை போட்ட ஆளாக அவனை வரைந்தேன். தோளில் வெளிச்சம், அக்குளில் இருட்டு, இடுப்பு வார் இறுக்குகிற இடத்துக்கு மேலே சட்டை பிதுங்கி உட்கார்ந்திருக்கும். ஒரு ஆளுக்கு இத்தனை நிறம்தான் என்று கணக்கு உண்டு. முகத்துக்கும் முடிக்கும் தோலுக்கும் போக எனக்கு மிஞ்சியது நாலே நாலு சாம்பல் நிறம். நாலே போதுமாக இருந்தது.

வெளிச்சம் இருட்டாக மாறுகிற ஓரம் இருக்கிறதே, வளையம் தெரிவது அங்கே மட்டும்தான். அந்த ஓரத்தில் மட்டும் செங்கல் அடுக்குகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று புள்ளி வைத்தேன். முழு வெளிச்சத்தில் ஒன்றும் வைக்கவில்லை, முழு இருட்டிலும் ஒன்றும் வைக்கவில்லை. சட்டையின் கீழ் விளிம்பு ரம்பப் பல் மாதிரி. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் முப்பத்தொரு புள்ளி. மிச்சத்தைப் பார்க்கிறவன் கண்ணே போட்டுக்கொள்கிறது.

நடக்கும்போது புள்ளிகள் அசையக் கூடாது, உடம்போடு ஒட்டி வர வேண்டும். தோளில் மினுக்கம் மட்டும் ஒரு புள்ளி நகரும். அடுத்தடுத்து ஓடுகிற படங்களில், சட்டை விளிம்பு கால் அசைவுக்கு ஒரு படம் பின்தங்கி வந்து சேரும். அதில்தான் கனம் தெரிகிறது.

டிவியில் ஓடவிட்டேன். குகா சான் பக்கத்தில் வந்து நின்றார். திரைக்குப் பக்கமாகக் குனிந்தார், பின்னால் போனார், மறுபடி குனிந்தார். "வளையம் ஒண்ணுகூட வரையலியே. எப்படித் தெரியுது?" என்றார்.

"என் தம்பி சொல்லிக் கொடுத்தான். மாடு வெட்டுறவன்" என்றேன்.

உடனே பதில் போடு. நீ சந்தோஷப்படுவதை எழுத்தில் பார்க்க வேண்டும்.

தமாகி


ஒசாகா
2 மார்ச் 1992

கோசாகுவுக்கு,

பதிலே காணோம். காய்ச்சலா? பனியில் தபால் நின்றுவிட்டதா? இல்லை, "மாடு வெட்டுறவன்" என்று சொன்னதில் கோபமா? பெருமையாகத்தான் சொன்னேன்.

டோக்கியோக்காரர்கள் வந்து போனார்கள். அதில் ஒருவர் வீரனை இடமும் வலமுமாக நடக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி நடக்கவிட்டு, பத்து நிமிஷம் கதையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில், "சலசலன்னு சத்தம் கேக்குது. சத்தம் போட்டாச்சா?" என்றார். சத்தமே இன்னும் சேர்க்கவில்லை. ஒப்பந்தம் ஆகிவிட்டது. கதாநாயகன் என்னுடையவன்.

ஒரு வரியாவது எழுது. கை என்ன வலிக்கிறதா?

தமாகி


ஒபிஹிரோ
19 மார்ச் 1992

அக்காவுக்கு

நலம். உனக்கு நலமா. வீரன் ஜெயித்ததில் சந்தோஷம். நிஜமாக.

எழுத்து கோணலாக இருக்கும். இடது கைக்கே திரும்பிவிடலாம் என்று பார்க்கிறேன். வாத்தியார் இங்கே இல்லையே. பழக நாளாகும். அதனால்தான் தாமதம்.

வேலை மாறிவிட்டது. இப்போது சாமான் அறையில். உட்கார்ந்து செய்கிற வேலை. கையுறைக்கு அவசரமில்லை.

கோசாகு


ஒசாகா
24 ஏப்ரல் 1992

கோசாகு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று குகா சானிடம்கூடக் காட்டினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கையுறையை ஒகாதாவுக்கே நேராக அனுப்பி, ஒரு நன்றிக் கடிதமும் வைத்து, உங்கள் சண்டையைத் தீர்த்துவைக்கலாம் என்று நினைத்தேன். விலாசம் கேட்க முந்தாநாள் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். இசோபே கோசாகுவின் அக்கா பேசுகிறேன் என்றேன். எடுத்த பெண் உடனே, "ஐயோ, கையில அடிபட்ட இசோபேவா? இப்ப எப்படிங்க இருக்கு விரல்? எங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். பிப்ரவரி மூணாம் தேதி என்றாள்.

பொட்டலம் நீ போட்டது ஜனவரி இருபத்திரண்டு. எண்ணிவிட்டேன். ஒரே கேள்விதான் கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுது. அந்தப் பன்னிரண்டு நாளும் உன் வலது கையில் என்ன இருந்தது?

தமாகி


ஒபிஹிரோ
9 மே 1992

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

பருத்தி உறை இருந்தது. அதற்கு மேல் எல்லோரையும் போல ரப்பர் உறை. ரப்பரை மாட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

உபரி கையுறை ஒகாதாவின் அறையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் உன் கடிதம் வந்த அதே வாரம் மறுபடி சண்டை. "உங்ககிட்ட எதுக்கும் கைநீட்ட மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாளே போய் எப்படிக் கைநீட்டுவது? என்னுடையதையே உனக்குப் போட்டுவிட்டேன். அஞ்சு வருஷத்தில் ஒரு கீறல் பட்டதில்லை எனக்கு. இரும்பு இல்லாமல் கை லேசாக இருந்தது. இன்னும் வேகமாக வெட்டினேன். பன்னிரண்டாம் நாள் கத்தி எலும்பில் வழுக்கியது.

உள்ளங்கை. சுண்டுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. சோற்றுக் கிண்ணம் பிடிக்கிறேன், சட்டைப் பொத்தான் போடுகிறேன். வலி குளிரில் மட்டும்.

ஒகாதா ஆஸ்பத்திரிக்கு வந்தார். திட்டுவார் என்று தயாராகப் படுத்திருந்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து, "ரப்பரைக் கழட்டிப் பார்த்திருக்கணும்டா நான்" என்றார். சாமான் அறை வேலை அவர் கேட்டு வாங்கிக் கொடுத்தது. இப்போது காலையில் ஒவ்வொருவனும் என் முன்னால் நின்று ரப்பரை மாட்டுவதற்கு முன்னால் இரும்பைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒகாதாவும் காட்ட வேண்டும். வரிசையில் முதலாக இருந்தபோது என்னை யாரும் மதிக்கவில்லை, பொறாமைதான் பட்டார்கள். இப்போது பயப்படுகிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு எழுதாமல் விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். நீ இப்படி நாள் எண்ணுவாய் என்று தெரியும். நீ கேட்டது ஒரு கையுறை. என் கையில் இருந்ததைக் கழற்றித் தா என்று நீ கேட்கவில்லை. அது என் திமிர். முழுவதும் என்னுடையது. அதில் உனக்குப் பங்கு கிடையாது.

கோழி என்று சொன்னதற்குக் கோபமில்லை. இந்தக் கடிதத்தைப் பார், எழுத்து தேறியிருக்கிறது.

கோசாகு


ஒசாகா
20 மே 1992

கோசாகுவுக்கு,

எழுத்து தேறியிருக்கிறது. கை தேறுகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நலம் என்று எழுதினால் பொய். கடிதம் வந்த வாரம் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது.

அந்த வாரம் வீரனைத் திரையில் பார்க்கவே பிடிக்கவில்லை. குகா சானிடம் போய், "உங்க தகட்டுக் கவசத்தையே போட்டுடலாம், நான் விட்டுக் கொடுத்துடறேன்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கொசு விரட்டவில்லை, சிரிக்கவில்லை. "சட்டையை மாத்தினா தம்பி விரல் மடங்குமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேசைக்குத் திரும்பி வந்தேன். வீரன் ஏணி ஏறுகிற படங்கள் பாக்கி இருந்தன. அவற்றை வரைந்து முடித்தேன். நன்றாக வந்திருக்கின்றன. இதுவரை நான் வரைந்ததில் அவைதான் முதல் தரம்.

முழுவதும் உன்னுடையது என்கிறாய். எனக்குப் பங்கு இல்லை என்கிறாய். அது எப்படி? கஷ்டம் என்று நீ எழுதினாய். கஞ்சத்தனம் பண்ணாதே என்று எழுதியது யார்? பயமா என்று கேட்டது யார்? சின்ன வயதிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்கு நீ எதையும் செய்வாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதனால் பாதி என்னுடையது. நீ திமிர் பிடித்தவன், சரி. நானும் அதே வயிற்றில்தான் பிறந்தேன். முழுவதையும் நீயே வைத்துக்கொள்ள நான் விட மாட்டேன்.

பத்து நாள் லீவு வாங்கிவிட்டேன். நிஷிவாகி சான் முகத்தைச் சுளித்தார், நானும் சுளித்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். மைசுருவில் கப்பல் ஏறி ஒத்தாருவில் இறங்கி, அங்கிருந்து ரயில். ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம் ஒபிஹிரோ ஸ்டேஷனில் இருப்பேன். கையுறையை நானே கொண்டுவந்து ஒகாதாவிடம் கொடுக்கிறேன். அவரிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. கப்பலில் ஒரு முழு நாள் இருக்கிறது.

உனக்குப் பெரிய டப்பா நிறைய ஊறுகாய், ஆபீசில் கொடுத்த பழைய டிவி ஒன்று, அதில் மாட்டினால் வீரன் ஓடுகிற கேம் பெட்டி, என் துணிமணி. பை ரொம்பக் கனம். பையை நானே தூக்கிக்கொள்கிறேன், நீ சும்மா வந்து நின்றால் போதும் என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், கறுப்பாகத் தெரிகிறது பார்.

நீ தூக்கு.

அக்கா,
தமாகி